சோலோ வேணுமா? முதல்ல மெட்டைப் படி!

ஜாஸ்னு சொன்னதும் நிறைய பேருக்கு ஒரு படம் மனசுல ஓடும். மங்கலான வெளிச்சம், சிகரெட் புகை, சாக்ஸஃபோன்காரர் கண்ணை மூடிக்கிட்டு மனசுக்குத் தோணினதை எல்லாம் வாசிச்சுத் தள்ளுறார். இதுல பாதி நிஜம். அந்த நிமிஷத்தில், அந்த மேடையில்தான் அவர் அந்த வரிகளை உருவாக்குகிறார். ஆனா "தோணினதை எல்லாம்" என்கிற பகுதி சுத்த ரீல். சரியான இடத்தில் சரியான சுரம் தோணுவதற்கு முன்னாடி, அவர் பல வருஷம் வேற ஒருத்தரோட மெட்டைப் பிரிச்சுப் போட்டு, திரும்ப மாட்டி, மறுபடி பிரிச்சுப் பார்த்திருப்பார். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது சட்டுனு புரியும்.

கிதாரோ கீபோர்டோ ஓரளவு வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் ஜாஸ் பக்கம் எட்டிப் பார்த்தா, இணையத்தில் முதலில் மாட்டுவது ஸ்கேல் அட்டவணை. இந்தக் கார்டு வந்தா இந்த ஸ்கேல், அந்தக் கார்டு வந்தா அந்த ஸ்கேல். (மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் அது ஒரு கார்டு. இதற்கு மேல் இசை இலக்கணம் இந்தக் கட்டுரைக்குப் பெரிசா தேவைப்படாது.) அட்டவணையை மனப்பாடம் பண்ணி, ஆறு மாசம் ஸ்கேலில் மேலயும் கீழயும் ஓடிட்டு, பேக்கிங் டிராக்கைப் போட்டு வாசிச்சுப் பார்த்தா, ஒரு சுரம்கூட தப்பா இருக்காது. ஆனா பாட்டாவும் இருக்காது. அகராதியை முழுசா மனப்பாடம் பண்ணின ஒருத்தர் கல்யாண வீட்டில் நாலு பேரோட பேசப் போன மாதிரிதான். வார்த்தை எல்லாம் சரி, வாக்கியம் எங்கே?

வாக்கியம் கிடைக்கிற இடம், பெரிய ஜாஸ் கலைஞர்கள் எழுதி வெச்சுட்டுப் போன மெட்டுகள். சார்லி பார்க்கர், தெலோனியஸ் மங்க், சானி ரோலின்ஸ் மாதிரி ஆட்களுடைய ஒரு மெட்டை எடுத்து, ஒவ்வொரு சுரமும் ஏன் அங்கே உட்கார்ந்திருக்குன்னு பார்த்தா, ஸ்கேல் அட்டவணை சொல்லாத நிறைய விஷயம் வெளியில் வரும். எப்படின்னு பார்ப்போம்.

மேடையில் நடப்பது என்ன

ஒரு சாதாரண ஜாஸ் பாட்டின் அமைப்பு ரொம்ப எளிமையானது. முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். அந்த மெட்டுக்கு அடியில் ஒரு கார்டு வரிசை ஓடும், 12 பாரோ 32 பாரோ. (நீங்க நினைக்கிற பார் இல்ல. நாலு தட்டு சேர்ந்தா ஒரு பார்.) மெட்டு முடிஞ்சதும் கார்டு வரிசை மட்டும் திரும்பத் திரும்பச் சுத்தும், கணினிக்காரர்கள் பாஷையில் ஒரு லூப். அதன் மேல் ஒவ்வொருத்தரா புது வரிகளை வாசிப்பதுதான் சோலோ. கடைசியில் மறுபடி மெட்டு, அத்தோட பாட்டு முடிஞ்சது.

கர்நாடக சங்கீதம் கேட்டவர்களுக்கு இது ரொம்ப அந்நியமா இருக்காது. கீர்த்தனையைப் பாடிட்டு, அதில் ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு நிரவல், கற்பனைஸ்வரம்னு போவாங்களே, அந்த மாதிரி ஒரு ஏற்பாடு. பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. அங்கே ராகம் ஒரே இடத்தில் நிற்கும். இங்கே காலுக்குக் கீழே தரை மாறிக்கிட்டே இருக்கும். ஒரு கார்டில் இனிமையா இருந்த சுரம் அடுத்த கார்டில் சோத்துல கல் கடிச்ச மாதிரி ஆயிடும். ஓடுற பஸ்ஸில் நின்னுக்கிட்டே டீ குடிக்கிற வித்தை அது.

மெட்டே ஒரு பழைய சோலோதான்

இப்ப முக்கியமான விஷயம். 1940களில் நியூயார்க்கில் பிபாப் என்ற புது பாணி வந்தபோது, பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அவங்க கூட்டாளிகளும் ஒரு வேலை செஞ்சாங்க. பிரபலமான சினிமா, நாடகப் பாட்டுகளின் கார்டு வரிசையை அப்படியே வெச்சுக்கிட்டு, மேலே இருந்த மெட்டைக் கழட்டிட்டு, புது மெட்டு மாட்டினாங்க. சின்ன இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் இது வசதி. மெட்டுக்குக் காப்புரிமை உண்டு, கார்டு வரிசைக்குக் கிடையாது. புது மெட்டு போட்டா பழைய பாட்டுக்காரருக்கு ராயல்டி கொடுக்க வேண்டாம். 1945இல் பார்க்கர் பதிவு செய்த 'கோ-கோ', 'செரோக்கி' என்ற பாட்டின் கார்டு வரிசை மேல் எழுந்தது. அந்தப் பதிவின் முதல் டேக் இன்னிக்கும் கேட்கக் கிடைக்குது. அதில் வாத்தியக்காரர்கள் பழக்கதோஷத்தில் 'செரோக்கி' மெட்டுக்குள்ளேயே போக ஆரம்பிச்சு, பாதியில் நிறுத்தப்படுவது அப்படியே பதிவாகியிருக்கு.

காசு விஷயத்தை விட நமக்குத் தேவையான விஷயம் வேற. இந்தப் புது மெட்டுகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் சோலோவிலிருந்துதான். 'ஆர்னிதாலஜி' என்ற மெட்டை எடுத்துக்குவோம். பார்க்கருக்குப் பட்டப்பெயர் 'பேர்ட்', அதனால் பறவையியல் என்று தலைப்பு. 'ஹௌ ஹை தி மூன்' என்ற 1940ஆம் வருஷ நாடகப் பாட்டின் கார்டுகள் மேல் கட்டப்பட்டது, 1946இல் பதிவானது, பார்க்கர் பெயரும் பென்னி ஹாரிஸ் என்ற டிரம்பெட் கலைஞர் பெயரும் சேர்ந்து போட்டிருக்கும். அதன் ஆரம்ப வரியை நல்லா காதில் ஏத்திக்கிட்டு, 1942இல் ஜே மெக்‌ஷான் இசைக்குழு பதிவு செய்த 'தி ஜம்பின் ப்ளூஸ்' கேளுங்க. அதில் பார்க்கருடைய சோலோ தொடங்குவதே அந்த வரியோடுதான்!

அதாவது, நாலு வருஷம் முன்னாடி போகிற போக்கில் வாசிச்ச ஒரு சொற்றொடர், பிடிச்சுப் போய், மெருகேறி, ஒரு மெட்டின் முதல் வரியா நிலைச்சிருக்கு. பார்க்கர் தினமும் நூற்றுக்கணக்கான வரிகளை உருவாக்கினவர். அதில் எது நிற்கும், எது நிற்காதுன்னு சலிச்சு எடுத்த பிறகு மிச்சமிருப்பவை இந்த மெட்டுகள். அதனால்தான் ஆரம்பிக்கிறவங்க ஒரு முழு சோலோவைக் காதால் கேட்டு எடுப்பதற்கு முன்னாடி மெட்டைப் படிக்கணும்னு சொல்றேன். சோலோவில் நல்ல வரி, சுமார் வரி, மூச்சு வாங்க வாசிச்ச நிரப்பல் எல்லாம் கலந்திருக்கும். மெட்டில் அந்தக் கலப்படம் ரொம்பக் குறைவு. நீளமும் ஒரு நிமிஷத்துக்குள்தான்.

நாலு சுரம், ஒரு பாடம்

சும்மா தத்துவம் பேசினா போதாது. ஹாஸ்டலில் யார்கிட்டயாவது ஒரு கீபோர்டு இருக்கும், இல்லைன்னா போனில் ஒரு பியானோ செயலி இறக்கிக்குங்க.

தெலோனியஸ் மங்க் எழுதின 'ப்ளூ மங்க்' 1954இல் முதலில் பதிவானது, 12 பார் ப்ளூஸ். மங்க் வாசித்தது பி ஃப்ளாட் சுருதியில். நமக்கு வசதியா சி சுருதிக்கு மாத்திக்குவோம். முதல் பாரில் இருக்கிற கார்டு சி7, அதாவது சி, ஈ, ஜி, பி ஃப்ளாட். அதன் மேல் மெட்டு இதுதான்: ஈ, எஃப், எஃப் ஷார்ப், ஜி. நம்ம ஸ்வரத்தில் சொன்னா க, சுத்த ம, பிரதி ம, ப. பக்கத்து பக்கத்துக் கட்டையா நாலு படி ஏறுது, அவ்வளவுதான்.

ரெண்டாவது பாரில் கார்டு எஃப்7க்கு மாறும்: எஃப், ஏ, சி, ஈ ஃப்ளாட். மெட்டு: ஏ, பி ஃப்ளாட், பி, சி. மறுபடி பக்கத்து பக்கத்துக் கட்டையில் நாலு படி.

இப்ப கொஞ்சம் உற்றுப் பாருங்க. முதல் பாரில் தொடங்கின ஈ, சி7 கார்டின் மூணாவது படி. முடிஞ்ச ஜி, அதே கார்டின் அஞ்சாவது படி. ரெண்டாவது பாரில் தொடங்கின ஏ, எஃப்7 கார்டின் மூணாவது படி. முடிஞ்ச சி, அஞ்சாவது படி. ஆக மங்க் செய்தது ஒரே காரியம்: கார்டின் மூணாவது படியில் கால் வெச்சு, நடுவில் இருக்கிற எல்லாக் கட்டையையும் மிதிச்சுக்கிட்டு, அஞ்சாவது படியில் போய் உட்கார்றது. கார்டு மாறினதும் மொத்த உருவத்தையும் தூக்கி புது கார்டின் மேல் வெச்சுட்டார்.

சோதனைக்கு, இடது கையில் சி7 அமுக்கிக்கிட்டு, வலது கையில் ஈ, எஃப், எஃப் ஷார்ப் வாசிச்சு அங்கேயே நில்லுங்க. நாராசமா இருக்கும். ஒரு கட்டை தள்ளி ஜிக்குப் போங்க. அப்பாடா! எஃப் ஷார்ப் எந்த "சி7 ஸ்கேல்" அட்டவணையிலும் முதல் வரிசையில் இருக்காது. அட்டவணைப்படி பார்த்தா அதைத் தொடவே பயப்படுவோம். அது ஜிக்குப் போகும் வழியில் இருக்கிற படிக்கட்டு, அதில் நிற்காம ஏறிப் போனா அழகுன்னு மங்க் நாலே சுரத்தில் காட்டிடுறார்.

இப்ப உங்க வேலை. ப்ளூஸின் ஒன்பதாவது பாரில் ஜி7 வரும்: ஜி, பி, டி, எஃப். மூணாவது படி பி, அஞ்சாவது படி டி. அப்போ மங்க் உருவத்தை அங்கே வெச்சா பி, சி, சி ஷார்ப், டி. நல்லாருக்கா? அடுத்து உருவத்தைத் தலைகீழாக்குங்க: ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ. அடுத்து, ஏறும்போது ஒரு கார்டு, இறங்கும்போது அடுத்த கார்டு. அடுத்து, முதல் தட்டில் தொடங்காம அரைத் தட்டு தள்ளித் தொடங்குங்க. அடுத்து, நாலு சுரத்தில் கடைசி சுரத்தை மட்டும் ரெண்டு தரம் சொல்லுங்க. ஒரு மணி நேரம் இதை மட்டுமே செஞ்சா, 12 பார் முழுக்க உங்க சொந்த வரிகளால் நிரப்பிட்டிருப்பீங்க. அதுதான் இம்ப்ரொவைசேஷன். சின்ன அளவில், ஒரே ஒரு கச்சாப்பொருளை வெச்சு, ஆனா அசல் சரக்கு.

மங்க்கும் இதைத்தான் செய்வார். அவருடைய சோலோக்களைக் கேட்டா, மெட்டை விட்டு ரொம்ப தூரம் போகமாட்டார். மெட்டின் ஒரு துண்டை எடுத்து உடைப்பார், தள்ளி வைப்பார், நடுவில் நிசப்தம் விடுவார், திரும்ப ஒட்டுவார். 1956இல் சானி ரோலின்ஸ் பதிவு செய்த 'ப்ளூ 7' பற்றி கன்தர் ஷுல்லர் என்ற இசையமைப்பாளர் 1958இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ரோலின்ஸின் அந்த நீளமான சோலோ, மெட்டில் இருக்கும் ஒரு சின்ன விதையிலிருந்தே எப்படி வளர்கிறது என்பதுதான் அதன் பொருள். மெட்டை மறந்துட்டு கார்டை மட்டும் பார்த்து ஓடுகிற சோலோவுக்கும், மெட்டை மனசுல வெச்சுக்கிட்டு வாசிக்கிற சோலோவுக்கும் இருக்கிற வித்தியாசம் அங்கே பளிச்சுனு தெரியும்.

ஸ்டீவ் லேசி என்ற சோப்ரானோ சாக்ஸஃபோன் கலைஞர் இதை ஒரு தவமாவே எடுத்துக்கிட்டார். 1958இல் அவர் பதிவு செய்த 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' ஆல்பம் முழுக்க மங்க் மெட்டுகள் மட்டும்தான். 1960இல் மங்க் குழுவிலேயே சேர்ந்து சில மாசம் வாசிச்சார். அதுக்கப்புறம் ராஸ்வெல் ரட் என்ற டிராம்போன் கலைஞரோட சேர்ந்து ஒரு குழு அமைச்சு, அதிலும் மங்க் மெட்டு மட்டும். வருஷக் கணக்கில் ஒரே ஆளுடைய மெட்டுகள்! ஆனா லேசியைக் கேட்டா மங்க் நகல்னு யாரும் சொல்லமாட்டாங்க. வாத்தியமே வேற, குரலே வேற.

ஒரே கேள்வி, மூணு விடைத்தாள்

ஒரு மெட்டைத் தனியாப் படிப்பதை விடவும் ருசியான ஒரு வழி இருக்கு. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் எழுதின 'ஐ காட் ரிதம்' பாட்டின் கார்டு வரிசை ஜாஸ் உலகத்தில் ஒரு பொதுச்சொத்து மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு 'ரிதம் சேஞ்சஸ்'னே பேர். அதன் மேல் எத்தனை புது மெட்டு வந்திருக்குன்னு எண்ணி முடியாது. அதில் மூணை மட்டும் எடுத்துக்குங்க: பார்க்கர்-கில்லெஸ்பியின் 'ஆந்த்ரோபாலஜி', ரோலின்ஸின் 'ஓலியோ', மங்க்கின் 'ரிதம்-எ-னிங்'.

அடியில் கார்டு அதேதான். பாருக்கு ரெண்டு கார்டு வீதம் விறுவிறுன்னு மாறும். நடுவில் 8 பார் மட்டும் டி7, ஜி7, சி7, எஃப்7ன்னு ஒவ்வொண்ணும் ரெண்டு பார் நிதானமா நிற்கும். இந்தக் கேள்விக்கு 'ஆந்த்ரோபாலஜி' சொல்லும் பதில், நீளமா வளைஞ்சு நெளிஞ்சு ஓடுகிற வரி. ஒவ்வொரு கார்டு மாற்றத்தையும் விடாம தொட்டுக்கிட்டே போகும். 'ஓலியோ' துண்டு துண்டா பேசும், எதிர்பார்க்கிற தட்டில் வராது, நடுவில் ஓட்டை விடும். 'ரிதம்-எ-னிங்' ஒரு சின்ன உருவத்தைப் பிடிச்சுக்கிட்டு அடம்பிடிக்கும், கார்டு மாறுதேன்னு பெருசா கவலைப்படாது. அதன் தொடக்க வரியும் கடன்தான். 1936இல் ஆண்டி கிர்க் குழுவுக்காக மேரி லூ வில்லியம்ஸ் எழுதின 'வாக்கின் அண்ட் ஸ்விங்கின்' பாட்டில் அது ஏற்கனவே இருக்கு.

மூணையும் பாடிப் பழகிட்டா, "இந்த இடத்தில் என்ன வாசிக்கலாம்?" என்ற கேள்விக்கு உங்ககிட்ட மூணு வேற வேற மனுஷங்களோட பதில் இருக்கும். ஓடலாம், உடைக்கலாம், நிற்கலாம். ஸ்கேல் அட்டவணை இந்த மூணுக்கும் ஒரே பதிலைத்தான் கொடுக்கும். எனக்கு இதில் ரொம்பப் பிடிச்சது 'ஓலியோ'. 1954இல் மைல்ஸ் டேவிஸ் குழுவோட அதைப் பதிவு செஞ்சப்போ ரோலின்ஸுக்கு வயசு 23. மெட்டின் நடுவில் இருக்கிற 8 பாருக்கு அவர் ஒண்ணுமே எழுதலை. அங்கே வாசிக்கிறவர் அப்பப்ப உருவாக்கிக்கணும்.

நகலாயிடுவோமா?

நியாயமான பயம். இப்படி அடுத்தவங்க மெட்டையே போட்டுப் பிழிஞ்சா, கடைசியில் நாமும் ஒரு ஜெராக்ஸ் காப்பியா ஆயிடமாட்டோமா?

வெஸ் மான்ட்கோமரி கதை இதுக்கு நல்ல உதாரணம். இன்டியானாபொலிஸ் நகரத்து கிதார்காரர், இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. சார்லி கிறிஸ்டியனின் கிதாரைக் கேட்டு மயங்கி, அவருடைய சோலோக்களை இசைத்தட்டிலிருந்து ஒரு சுரம் விடாம காதாலேயே எடுத்தார். உள்ளூர் கிளப் ஒண்ணில் வேலையும் கிடைச்சது. என்ன வேலைன்னா, கிறிஸ்டியன் சோலோக்களை அப்படியே வாசிக்கிறது. சரக்கு தீர்ந்ததும் மேடையை விட்டு இறங்கிடுவாராம். அதுக்கு மேல வாசிக்க அவர்கிட்ட ஒண்ணும் இல்லை. இதே மனுஷன்தான் பின்னால் கட்டைவிரலால் மீட்டி, ரெண்டு ஆக்டேவை ஒண்ணா வாசிச்சு, கிதாருக்கே புது மொழி கொடுத்தவர். நகலெடுத்த காலம் அவரைக் கெடுக்கலை. அதே சமயம் அங்கேயே நின்னிருந்தா நாம அவர் பேரையே கேட்டிருக்க மாட்டோம்.

பார்க்கருக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. கேன்சஸ் சிட்டியில் டீன்ஏஜ் பையனா பெரியவங்களோட மேடையேறி, வாசிப்பு சொதப்பி, டிரம்மர் ஜோ ஜோன்ஸ் தரையில் சிம்பலை வீசி "இறங்கு"ன்னு உணர்த்தினது ஜாஸ் உலகமே அறிந்த கதை. அதுக்கப்புறம் 1937 கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் ஒரு குழுவோட வாசிக்கப் போனார். அப்போ கையோட எடுத்துப் போனது லெஸ்டர் யங் வாசிச்ச கவுன்ட் பேஸி இசைத்தட்டுகள். அந்த சோலோக்களை மனப்பாடமா வாசிக்கிற அளவுக்குப் பயிற்சி. திரும்பி வந்தப்போ ஆளே வேற. அவருடைய வாசிப்பில் லெஸ்டர் யங்கைத் தேடினா கிடைப்பார், ஆனா தேடணும்.

நகலுக்கும் சொந்தத்துக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கு: தெரிஞ்ச கார்டு வரிசை மேல் நீங்களே ஒரு மெட்டு எழுதுவது. சோலோ வாசிக்கும்போது யோசிக்க நேரம் கிடையாது. மெட்டு எழுதும்போது ஒரு பாருக்கு ஒரு வாரம்கூட எடுத்துக்கலாம், அழிக்கலாம், மாத்தலாம். ஸ்லோமோஷனில் செய்யும் சோலோ அது. 1947இல் பார்க்கர் குழு பதிவு செஞ்ச 'டானா லீ'யை எடுத்துக்குங்க. 'இன்டியானா' என்ற பழைய பாட்டின் கார்டு மேல் பறக்கிற மெட்டு, பார்க்கர் பாணின்னா இதுதான்னு இன்னிக்கும் எல்லாரும் காட்டுவது. இசைத்தட்டில் பேரும் பார்க்கர் பேர்தான். ஆனா அதை எழுதினது நான்தான்னு மைல்ஸ் டேவிஸ் தன் சுயசரிதையில் சொல்றார். அப்போ மைல்ஸுக்கு வயசு 20, பார்க்கர் பக்கத்தில் நின்னு தினமும் டிரம்பெட் வாசிச்சுக்கிட்டிருந்தவர். குருவின் மொழியில் குருவே எழுதினாரோன்னு நினைக்கிற மாதிரி ஒரு மெட்டு! அடுத்த சில வருஷத்தில் அவர் போன திசை பார்க்கருக்கு நேரெதிர். சுரங்களைக் குறைச்சு, இடைவெளியைக் கூட்டி, மெதுவா.

ஜான் கோல்ட்ரேனும் இதே வேலையைத்தான் செஞ்சார், கொஞ்சம் கணக்கு கலந்து. மைல்ஸ் பேரில் இருக்கிற 'டியூன் அப்' மெட்டின் கார்டு வரிசைக்குள் புதுக் கார்டுகளைத் திணிச்சு 'கவுன்ட்டவுன்' ஆக்கினார். அது வந்த 1959ஆம் வருஷப் பதிவான 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில், 12 சுரத்தையும் மூணா வகுத்து, நாலு நாலு கட்டை தள்ளி பி, ஜி, ஈ ஃப்ளாட்னு மூணு சுருதிக்கு நடுவில் தாவிக்கிட்டே இருப்பார். பியானோவில் டாமி ஃப்ளானகன் அந்த வேகத்தில் தடுமாறுவதை ரெக்கார்டிலேயே கேட்கலாம். அவர் சாதாரண ஆள் இல்லை. கோல்ட்ரேன் மட்டும் எப்படிப் பறந்தார்னா, அவர் அந்தப் பாதையில் முன்னாடியே பல தடவை நடந்து பழகியிருந்தார். சோலோவை உத்துக் கேட்டா ஸ, ரி, க, ப என்ற நாலு சுர உருவம் சுருதி மாறி மாறி வந்துக்கிட்டே இருக்கும். இதை முதல் வருஷத்தில் தொடாதீங்க, ப்ளீஸ்.

நம்ம ஆட்களும் இந்த வரிசையில் இருக்காங்க. தமிழ்க் குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படிச்சவர், பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கத்துக்கிட்டவர். அவருடைய மூவர் குழு 2015இல் வெளியிட்ட 'பிரேக் ஸ்டஃப்' ஆல்பத்தில் அவரோட சொந்த மெட்டுகளுக்கு நடுவில் மங்க்கின் 'வொர்க்' இருக்கு, கோல்ட்ரேனின் 'கவுன்ட்டவுன்' இருக்கு. கேட்டா சட்டுனு அடையாளம் தெரியாது, தாளத்தைக் குடைஞ்சு வேற உருவம் கொடுத்திருப்பார். அதே வருஷம் சாக்ஸஃபோன் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பா 'பேர்ட் கால்ஸ்' வெளியிட்டார். கத்ரி கோபால்நாத்தோடும் ஏ. கன்யாகுமரியோடும் சேர்ந்து 2008இல் 'கின்ஸ்மென்' ஆல்பம் கொடுத்தாரே, அவர்தான். 'பேர்ட் கால்ஸ்' முழுக்க பார்க்கர் மெட்டுகளையும் சோலோக்களையும் கச்சாப்பொருளா வெச்சு எழுதின புது மெட்டுகள். பார்க்கரின் 'ஸ்டீப்பிள்சேஸ்' அங்கே 'கோபுரம்' என்ற பேரில் வேற ஒண்ணா எழுந்து நிற்குது. ஸ்டீப்பிள்னா தேவாலயக் கோபுரம். தலைப்பிலேயே இம்ப்ரொவைஸ் பண்ணியிருக்கார் மனுஷன்.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது

காகிதத்தை நம்பாதீங்க, காதை நம்புங்க. ஜாஸ் மெட்டுகள் அடங்கின 'ரியல் புக்' என்ற புத்தகம் எங்கேயும் பி.டி.எஃப்.பா கிடைக்கும். 1970களில் பாஸ்டன் பெர்க்லீ கல்லூரி மாணவர்கள் அனுமதி இல்லாம தயாரிச்சு, நகலெடுத்துக் கைக்குக் கை வித்தது அது. பல வருஷம் கழிச்சுத்தான் சட்டப்படியான பதிப்பு வந்தது. (மாணவர் குலம் எங்கேயும் ஒண்ணுதான்.) அந்தப் பழைய பதிப்பில் தப்புகள் உண்டு. அதனால் முதலில் ரெக்கார்ட். யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கி, ரெண்டு பார் கேட்டு, நிறுத்தி, வாயால் பாடுங்க. குரல் நல்லா இருக்கணும்னு அவசியமில்லை, சுருதி சேர்ந்தா போதும். பாட முடியாத வரியை விரலில் தேடவே தேடாதீங்க. விரல் பழக்கத்துக்குப் போயிடும், காது தூங்கிடும். புத்தகத்தைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் திறங்க.

வாயில் வந்த பிறகு வாத்தியம். அதுக்கப்புறம் இடது கையில் கார்டு, அல்லது 'ஐரியல் ப்ரோ' செயலியில் அந்த கார்டு வரிசையை ஓடவிடுங்க. (அந்த செயலியில் மெட்டு இருக்காது, கார்டு மட்டும்தான். காரணம் மேலே பார்த்த அதே காப்புரிமை சமாச்சாரம்.) ஒவ்வொரு கார்டு மாறும்போதும் மெட்டு எந்தப் படியில் கால் வைக்குதுன்னு பென்சிலால் குறிங்க. மூணாவது படியும் ஏழாவது படியும் எத்தனை தடவை வருதுன்னு பார்த்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். கார்டு மேஜரா மைனரா, நிலையா நிற்குதா நகரப் போகுதா என்பதை அந்த ரெண்டு சுரங்கள்தான் சொல்லும். 'ஹௌ ஹை தி மூன்' வரிசையில் ஜி மேஜர் ஜி மைனரா மாறும், பிறகு எஃப் மேஜர் எஃப் மைனரா மாறும், அப்புறம் ஈ ஃப்ளாட். 'ஆர்னிதாலஜி' மெட்டு அந்த மாற்றங்களை எப்படிக் கடக்குதுன்னு பார்ப்பதே ஒரு வார வேலை.

பிறகு பிடிச்ச ஒரே ஒரு துண்டை, ரெண்டு பாருக்கு மேல் வேண்டாம், எடுத்து 'ப்ளூ மங்க்'கில் செஞ்ச மாதிரி திருப்பி, தள்ளி, நீட்டி, வேற சுருதிக்கு மாத்திப் பாருங்க. 12 சுருதியிலும் வாசிக்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. சொல்றது சரிதான், ஆனா செமஸ்டர் நடுவில் நாலு சுருதி போதும்.

முதல் மெட்டு 'ப்ளூ மங்க்'. ரெண்டாவது ரோலின்ஸின் 'சானிமூன் ஃபார் டூ'. இறங்கி வருகிற ஒரே வரி மூணு தடவை, அவ்வளவுதான் மெட்டு, ஒரு சாயங்காலத்தில் வந்துடும். அதுக்கப்புறம் 'ஆர்னிதாலஜி', இதுக்கு ஒரு மாசம் ஒதுக்குங்க. அப்புறம் 'ஓலியோ'. அதில் ரோலின்ஸ் காலியா விட்ட 8 பார் வரும்போது, டி7 ரெண்டு பார் நிற்கும், எஃப் ஷார்ப்பில் தொடங்கி ஏக்கு ஏறிப் பாருங்க. மங்க் சொல்லிக் கொடுத்த அதே நாலு படி. அடுத்து வரும் ஜி7க்கு எங்கே தொடங்கணும்னு மேலேயே பார்த்தாச்சு.